ஏழரைத் தலைக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும்

இணைய ஏலத்தில் பழைய தொப்பிகளை வாங்கியும் விற்றும் வரும் நண்பர்களுக்கு,



கொஞ்ச காலமாக உங்களுக்குள் இரண்டு கட்சி உண்டாகியிருக்கிறது. சந்தை படுத்துவிட்டது, பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கியதை இன்று பாதி விலைக்குக் கேட்கவும் ஆளில்லை என்று ஒரு கட்சி அழுகிறது. விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, இனிமேல் நல்ல பழைய ஸ்டெட்சன் தொப்பியைச் சினிமாவில்தான் பார்க்க வேண்டும் என்று இன்னொரு கட்சி அழுகிறது. இரு கட்சிக்காரர்களும் பார்ப்பது ஒரே ஈபேயை, அதிலும் அதே வாரத்து ஏலங்களை. யாரும் பொய் சொல்லவில்லை. பழைய தொப்பிக்கு ஒரே ஒரு விலை இருப்பதாகவும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் கேள்வி என்றும் நினைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். அங்கேதான் எனக்கு உங்கள் இருவரோடும் தகராறு.

நாணயம் சேர்ப்பவர் நாணயத்தைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நம் சரக்கு வேறு. நாம் வாங்கும் தொப்பிகளில் பெரும்பாலானவை கண்ணாடி அலமாரிக்குப் போவதில்லை. தலையில் ஏறி வெளியே போகின்றன. போட்டுக்கொள்ள ஆள் இருக்கும் தொப்பிக்கு விலை இருக்கிறது, ஆள் இல்லாததற்கு இல்லை. பெயர், வயது, நிறம், பெட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை ஒப்புக்கொண்டால் ஏற்ற இறக்கத்தில் முக்கால்வாசி தானாகப் புரிந்துவிடும்.

முதலில் அளவு. அமெரிக்கக் கணக்கில் 7 என்றால் தலையின் சுற்றளவு 56 சென்டிமீட்டர், 7¼ என்றால் 58, 7½ என்றால் 60. ஒரே கம்பெனியின் ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே வயது. ஒன்று 6⅞, இன்னொன்று 7½. முதலாவதை ஒரு சாப்பாட்டுச் செலவுக்கு எடுத்துவிடலாம். இரண்டாவதற்கு மூன்று மடங்கு, நான்கு மடங்கு கேட்பு போவதைப் பார்த்திருக்கிறீர்கள். ஏழரை என்றாலே நமக்கு வேறொரு நினைப்பு வரும். ஏல உலகத்திலும் ஏழரை உள்ளவனுக்குச் செலவுதான்.

பழைய தொப்பிகளில் சின்ன அளவுகள் ஏன் இவ்வளவு மலிந்து கிடக்கின்றன? அந்தக் காலத்து மனிதர்களின் தலை சிறியது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றுவது இது: பலருக்கும் பொருந்திய அளவுகள் போட்டுப் போட்டுத் தேய்ந்து, மழையில் நனைந்து, தம்பிக்கும் மருமகனுக்கும் கைமாறி ஒருவழியாகிவிட்டன. யாருக்கும் பொருந்தாதவை பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து அறுபது, எழுபது வருஷத்தைத் தப்பித்துவிட்டன. 'அணியாதது, புதுக்கருக்கு அழியாதது' என்று விளம்பரம் சொல்லும் தொப்பிகளில் எத்தனை 6¾, எத்தனை 7½ என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

அளவுச் சீட்டை நம்பி ஏலம் கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பிரிட்டிஷ் அளவு அமெரிக்க அளவைவிட எட்டில் ஒரு பங்கு குறைவாகச் சொல்லப்படும். லண்டன் கடைச் சீட்டில் 7⅛ என்று இருந்தால் அது அமெரிக்க 7¼. இது தெரியாத விற்பவர்கள் எழுதும் லிஸ்டிங்குகளில்தான் இன்னும் மலிவு விலை ஒளிந்திருக்கிறது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஃபெல்ட் காய்ந்து சுருங்கும். சீட்டில் 7⅜ என்று இருக்கும் தொப்பியின் உட்புறத்தை நாடா வைத்து அளந்தால் ஒரு அளவு குறைந்திருக்கும். 'உள்சுற்றளவை அளந்து சொல்ல முடியுமா' என்று விற்பவரிடம் ஒரு வரி கேட்பதில் கூச்சமென்ன? பதில் வராவிட்டால் அந்தத் தொப்பியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஏலம் நடக்கும் விதம். ஒரு பெரியவர் சுத்தியலைத் தட்டி 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று இழுக்கிற ஏலம் இல்லை இது. உங்கள் உச்சத் தொகையை ஈபேயிடம் சொல்லி வைக்கிறீர்கள், அது உங்களுக்காகப் படிப்படியாகக் கேட்கிறது. நீங்கள் 300 டாலர் என்று சொல்லி வைத்திருந்தும், அடுத்தவரின் உச்சம் 110 டாலர்தான் என்றால், அதற்கு மேல் ஒரு படி, 112.50 டாலரில் தொப்பி உங்களுடையது. உங்கள் 300 யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆகவே நாம் 'முடிந்த விலை' என்று குறித்து வைத்துக்கொள்வது, ஜெயித்தவர் எவ்வளவு தரத் தயாராக இருந்தார் என்பதை அல்ல. தோற்றவர் எவ்வளவு தரத் தயாராக இருந்தார் என்பதைத்தான் குறித்துக்கொள்கிறோம். இந்த வகை ஏலத்தின் கணக்கை 1961-இல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் எழுதினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் தொப்பியை நினைத்து எழுதவில்லை என்றாலும் நமக்கு அது அப்படியே பொருந்தும்.

இதை 7⅝ அளவில் வைத்துப் பாருங்கள். அந்த அளவில் நல்ல சாம்பல் நிற ஃபெடோரா வேண்டும் என்று உலகம் முழுவதும் ஒரு நேரத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இந்த வாரம் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் விலை 280-இல் முடியும். ஜெயித்தவர் தொப்பியோடு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் அதேபோல் ஒன்று வரும்போது தோற்றவர் மட்டும்தான் மிச்சம். அவருக்கு அது 90 டாலரில் கிடைத்துவிடும். உடனே ஒரு கட்சி 'விலை மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிட்டது' என்று ஒப்பாரி வைக்கிறது. எதுவும் விழவில்லை. ஒரு ஆள் குறைந்தார், அவ்வளவுதான். இந்த எண்களை விளக்கத்துக்காகச் சொல்கிறேன், ஆனால் இதே நாடகத்தை நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்திருப்பீர்கள்.

கடைசி விநாடியில் வந்து அடிக்கிறவர்களைத் திட்டுகிறீர்கள். திட்டுவதில் நியாயமில்லை. ஆல்வின் ராத், ஆக்ஸல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002-இல் இதைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசிக் கேட்புக்குப் பிறகு பத்து நிமிஷம் அமைதியாகக் கழிந்தால்தான் ஏலம் முடியும். ஈபேயில் குறித்த விநாடியில் கதவு சாத்தப்படும். கடைசி நேரக் கேட்பு ஈபேயில்தான் அதிகம், அதிலும் கம்ப்யூட்டரைவிடப் பழம்பொருளில் அதிகம் என்று கண்டார்கள். காரணம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். விஷயம் தெரிந்தவர் சீக்கிரம் கேட்டால், 'இவரே கேட்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது' என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பழைய தொப்பியில் அறிவுக்கு ஒரு விலை உண்டு. அதை ஏழு நாள் முன்னதாகவே ஊருக்குச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

வெறியில் ஏறிப்போவதற்கும் ஆய்வு இருக்கிறது. உல்ரிக்கே மால்மெண்டியர், யங் ஹான் லீ இருவரும் 2011-இல் வெளியிட்டது. அதே பக்கத்திலேயே நிலையான விலைக்கு அதே பொருள் கிடைக்கும்போது, ஏலங்களில் 42 சதவீதம் அந்த விலையைத் தாண்டிப் போய் முடிந்ததாம். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், பணத்தைச் சிக்கனமாக ஆளக் கற்றுக்கொடுக்கும் ஒரு பலகை விளையாட்டு! நம் ஆட்கள் தொப்பிக்கு ஏறிப்போவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தலை அளவின் கூத்தை அதன் உச்சத்தில் பார்க்க வேண்டுமானால் லண்டனுக்குத்தான் போக வேண்டும். கறுப்புப் பட்டு உயரத் தொப்பியைச் சொல்கிறேன். துணியைப் பல அடுக்காக அரக்குக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, கூடு கட்டி, அதன்மேல் மென்மயிர் போன்ற பரப்புள்ள பட்டுத் துணியை ஒட்டி, இஸ்திரி போட்டுப் பளபளக்க வைப்பார்கள். அந்தப் பட்டுத் துணி இப்போது எங்கும் நெய்யப்படுவதில்லை. பிரான்சின் லியோன் நகரத்துத் தறிகள் போன நூற்றாண்டிலேயே அந்த வேலையை நிறுத்திவிட்டன. புதிதாகச் செய்து விற்கப்படும் உயரத் தொப்பிகள் ரோம ஃபெல்ட்டில் செய்தவை. பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வராது. ஆகவே உலகத்தில் இருக்கும் பட்டுத் தொப்பிகள் இருக்கிறவை மட்டும்தான், இனி ஒன்றுகூடச் சேராது.

தேவை மட்டும் ஒவ்வொரு ஜூன் மாதமும் தவறாமல் வருகிறது. ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயத்தில் அரச வளாகத்துக்குள் நுழையும் ஆண்களுக்கு உயரத் தொப்பி கட்டாயம். வாடகைக்கு எடுத்த ஃபெல்ட் தொப்பியோடு நிற்பவருக்கும் பட்டுத் தொப்பியோடு நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கிருப்பவர்களுக்கு நூறு அடி தூரத்திலேயே தெரியும். அதனால் 7⅜, 7½ அளவில் நல்ல நிலையில் உள்ள பட்டுத் தொப்பிக்கு லண்டன் கடைகள் ஆயிரக்கணக்கான பவுண்டு சொல்கின்றன, கொடுக்கவும் ஆள் இருக்கிறது. அதே தரம், அதே கடைப் பெயர், 6¾ அளவு என்றால் தோல் பெட்டியோடு சேர்த்து அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். சில சமயம் தொப்பியைவிடப் பெட்டிக்குத்தான் ஏலம் நடக்கிறது. நீராவி காட்டி அரக்கை இளக்கித் தலையின் வடிவத்துக்குக் கொஞ்சம் இணங்க வைக்கலாம். ஆனால் பெரிய தலைக்குப் பெரிய தொப்பியாக மாற்ற வழியில்லை. 2020-இல் பார்வையாளர் இல்லாமல் ஆஸ்காட் நடந்தது. அந்த வருஷம் பட்டுத் தொப்பிக்கு என்ன அவசரம் இருந்திருக்கும்? தொப்பியில் ஒரு மாற்றமும் இல்லை, போட்டுக்கொண்டு போக இடம்தான் இல்லாமல் போயிற்று.

பெண்களின் தொப்பிகள் இதற்கு மறுபக்கம். 1940, 50-களின் சின்னஞ்சிறு தொப்பிகள் ஊசி குத்தித் தலைமேல் உட்காருபவை, அளவுப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. எல்லோருக்கும் பொருந்துமே, விலை ஏறியிருக்க வேண்டாமா? இல்லை. அறுபதுகளில் மாதா கோயிலுக்கும் விருந்துக்கும் தொப்பியோடு போகும் வழக்கம் விட்டுப்போனபோது மலைமலையாக மிஞ்சிய சரக்கு அது. போட்டுக்கொள்ளும் சந்தர்ப்பம் மட்டும் திரும்பவில்லை. லில்லி டாஷே, ஸ்கியாபரெல்லி போன்ற வடிவமைப்பாளர்களின் பெயர் உள்ளே இருந்தால் கதை வேறு. மற்றவை பத்துப் பத்தாகக் கட்டிப் போகின்றன.

பத்திரிகைச் செய்தியில் வரும் கோடிகளைப் பார்த்து மனம் கெட்டுப்போகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஃபான்டன்புளோவில் நெப்போலியனின் தொப்பி ஒன்று 19 லட்சத்து 32 ஆயிரம் யூரோவுக்குப் போயிற்று. 2024 ஆகஸ்டில் 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் படத்தில் ஹாரிசன் ஃபோர்டு போட்ட ஃபெடோரா 6,30,000 டாலர். அதே ஆண்டு டிசம்பரில் 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துச் சூனியக்காரியின் கூர்முனைத் தொப்பி 29 லட்சம் டாலரைத் தாண்டியது. இவை எதுவும் தொப்பி விலை இல்லை, ஆள் விலை. ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் பிறகு, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த பழுப்புத் தொப்பியை எடுத்து 'இண்டியானா ஜோன்ஸ் பாணி, அரியது' என்று தலைப்பிட்டு 400 டாலர் கேட்கிறார். நமக்குக் குல்லா போட நினைத்துச் செய்வதில்லை, பாவம், அவரும் செய்தி படிக்கிறவர்தானே.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது பாடகர் ஃபாரல் வில்லியம்ஸின் கதை. 2014 கிராமி விழாவுக்கு அவர் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டின் உயரக் கூட்டுத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். எண்பதுகளின் தொடக்கத்து வடிவம். தங்கள் சின்னத்தில் இருக்கும் தொப்பியைத் திருப்பித் தரும்படி ஆர்பிஸ் என்ற சாண்ட்விச் கடைக்காரர்கள் ட்விட்டரில் கிண்டலடித்தார்கள். பிற்பாடு அவர் தன் அறக்கட்டளைக்காக அதை ஈபேயில் ஏலம் விட்டபோது, ஆர்பிஸ்காரர்களே 44,100 டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். அது விளம்பரச் செலவு. அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

நம் விலையை மெய்யாகவே அசைப்பது விளிம்பின் அகலம். 'மேட் மென்' தொடர் 2007-இல் வந்து ஓடிய காலத்தில், அறுபதுகளின் ஒன்றரை அங்குல விளிம்புத் தொப்பிகளை இளைஞர்கள் தேடித்தேடி எடுத்தார்கள். பிறகு ரசனை அகல விளிம்புக்குத் திரும்பியது. 2018-இல் 'யெல்லோஸ்டோன்' தொடர், 2024-இல் பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பம் என்று மேற்கத்தியப் பாணிக்குக் காற்று அடித்தது. இதில் நாம் கவனிக்காத ஒரு புது வாங்குபவர் நுழைந்துவிட்டார்: கையால் தொப்பி செய்து விற்கும் சிறு பட்டறைக்காரர். அவருக்கு நம் 1940-களின் நல்ல ரோம ஃபெல்ட் ஒரு மூலப்பொருள். ரிப்பனைப் பிய்த்து, நீராவியில் பிரித்து, புதுக் கட்டையில் ஏற்றி, வேண்டுமென்றே கொஞ்சம் கரித்து, சில நூறு டாலருக்கு விற்கிறார். அகல விளிம்பு என்றால் அழுக்காக இருந்தாலும் கேட்பு வருவது அவரால்தான். எனக்கு இது வயிற்றெரிச்சல். ஆனாலும் பூச்சி அரித்துக் குப்பைக்குப் போவதைவிட மேல் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

விளிம்பு ரசனை இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் ஸ்டெட்சனின் 'ஓப்பன் ரோடு' மட்டும் எந்தக் காற்றுக்கும் அசையாமல் நிற்கிறது. அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் போட்டுப் பிரபலமாக்கிய மாடல். நகரத் தொப்பியும் இல்லை, முழு கௌபாய் தொப்பியும் இல்லை. கோட்டுக்கும் போகும், ஜீன்ஸுக்கும் போகும். இன்றும் அதே பெயரில் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதால் பழையதற்கு ஒரு அளவுகோலும் இருக்கிறது: புதிது என்ன விலை, பழைய ஃபெல்ட் அதைவிட எவ்வளவு மெல்லியது, அடர்த்தியானது என்று வாங்குபவர் மனக்கணக்குப் போட்டுவிடுவார்.

பெயரைப் பார்த்து மயங்குவது பற்றி இரண்டு வார்த்தை. ஜான் பி. ஸ்டெட்சன் 1865-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய கம்பெனி, அங்கிருந்த ஆலையை 1971-இல் மூடியது. அதற்குப் பின் உரிமம் பெற்றவர்கள் வேறு ஊர்களில் செய்தார்கள். பிலடெல்பியா முத்திரைக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். பழைய தரக்குறிகளையும் இன்றைய தரக்குறிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். எக்ஸ் எழுத்துகளின் எண்ணிக்கை காலப்போக்கில் பெருத்துவிட்டது. அன்றைய 3எக்ஸ் இன்றைய 3எக்ஸ் இல்லை. 'ஸ்டெட்சன் 100' என்றால் அன்று நூறு டாலருக்கு விற்றது என்று அர்த்தம், பத்து டாலருக்கு நல்ல தொப்பி கிடைத்த காலத்துக்குச் சற்றே பின்னால். அதற்கு இன்று அளவைக்கூடப் பார்க்காமல் சண்டை போடுகிறார்கள், நான் சொன்ன விதிக்கு அது ஒரு விலக்கு. ஸ்டீபன் எல். ஸ்டெட்சன் என்ற முத்திரையைப் பார்த்தால் நிதானியுங்கள். அது வேறு கம்பெனி. முப்பதுகளில் வழக்கு நடந்து, ஜான் பி. ஸ்டெட்சன் கம்பெனியோடு சம்பந்தமில்லை என்று தொப்பியிலேயே அச்சிட வேண்டி வந்தது. படத்தைப் பெரிதாக்கினால் அந்த வாசகம் தெரியும். பெரிதாக்காதவர்களால்தான் அதற்கு இன்னும் நல்ல விலை கிடைக்கிறது.

படத்தைப் பெரிதாக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு தொப்பியின் நிஜ விலை அதன் உள்ளேதான் இருக்கிறது. வியர்வைப் பட்டையை வெளியே மடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கம், குட்டி வில் முடிச்சுக்குக் கீழே, பட்டைக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். அளவும் பட்டறை எண்ணும் அதில் இருக்கும். பக்கத்திலேயே தொழிற்சங்க முத்திரை இருக்கலாம். தொப்பித் தொழிலாளர்களின் இரண்டு சங்கங்கள் 1934-இல் ஒன்றானதால், இணைந்த சங்கத்தின் பெயர் அச்சடித்திருந்தால் தொப்பி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. தோலைத் தையல் பிடித்திருக்கும் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால், தலையில் முதல்முறை வைக்கும்போதே பட்டை கையோடு வரும். புதுப் பட்டை தைக்கக் கூலி கொடுத்தால் மலிவாக எடுத்த சந்தோஷம் அதிலேயே போய்விடும். அப்புறம் பூச்சி. ஃபெல்ட்டின் மேல் கால்புள்ளி வடிவத்தில் மேலோட்டமான அரிப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், தூரிகையால் தேய்த்தால் பாதி மறையும். கூட்டை விளக்குக்கு நேரே பிடித்து ஒரு படம் கேளுங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அது ஓட்டை. எதுவானாலும் வந்த பெட்டியை நேரே மற்றத் தொப்பிகள் இருக்கும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேட்கும் விலையைப் பார்த்து அழுகிறவர்களுக்கு: ஈபேயில் ஆரம்ப காலத்தில் பெரும்பாலான லிஸ்டிங்குகள் ஏலம்தான். இப்போது பெரும்பாலானவை நிலையான விலை. நிலையான விலைக்காரர் 350 என்று எழுதி இரண்டு வருஷம் காத்திருக்கலாம், அவருக்கு நஷ்டம் கொஞ்சம். நீங்கள் தேடும்போது முதலில் கண்ணில் படுவது, விற்காமல் நிற்கும் இந்த 350-கள்தான். 90-க்கு விற்றது விற்றுப்போய்விட்டதே, எப்படிக் கண்ணில் படும்? விற்றவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியை அழுத்திப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று மாதத்துக் கணக்கு கிடைக்கும். அதிலும் ஒரு ஏமாற்றம் உண்டு: 'பெஸ்ட் ஆஃபர்' பேசி முடித்தவற்றுக்கு, கேட்ட விலையின்மேல் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள், உண்மையில் கைமாறிய தொகையைக் காட்ட மாட்டார்கள்.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெல்ட்டுக்கு ஆசை இலையுதிர்காலத்தில் பிறக்கிறது, வைக்கோல் தொப்பிக்கு வசந்தத்தில். ஒரு காலத்தில் அமெரிக்காவில் செப்டம்பர் நடுவில் வைக்கோல் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 1922-இல் நியூயார்க்கில் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே வாலிபக் கூட்டம் மற்றவர்களின் வைக்கோல் தொப்பியைப் பறித்து மிதிக்கத் தொடங்கி, நாள்கணக்கில் கலவரமாகிவிட்டது. இன்று யாரும் பறிப்பதில்லை. ஆனால் ஜூலை மாதம் நல்ல ஃபெல்ட்டை ஏலத்தில் விடுபவர் தன் பணத்தைத் தானே மிதிக்கிறார்.

கடல் கடந்த சரக்கின் கணக்கு தனி. அலெஸ்ஸாண்ட்ரியாவின் போர்சலினோ, இன்றைய செக் குடியரசின் நோவி யிச்சின் ஊர் ஹுக்கல், ஆஸ்திரிய வெலூர் என்று ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கர்கள் நிறைய எடுத்துக்கொண்டிருந்தார்கள். 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்குத் தீர்வை இல்லை என்ற சலுகை அதற்கு உதவியது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. அந்தச் சமயத்தில் பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்குப் பொட்டலம் ஏற்பதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்தே சின்னப் பொட்டலத்துக்கும் வரி. அமெரிக்காவில் இருந்துகொண்டு 60 யூரோ தொப்பிக்குத் தபால், தீர்வை, கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அமெரிக்கக் கேட்பாளர் ஒதுங்கினால், ஜெர்மனியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஹுக்கல் மலிகிறது. அதே நாளில் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் போர்சலினோவுக்குக் கிராக்கி கூடுகிறது. ஒரே சரக்கு ஒரு கரையில் இறங்கி மறுகரையில் ஏறுவது இப்படித்தான்.

சரக்கு வரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் தொப்பி போட்டுத் திரிந்த தலைமுறையின் அலமாரிகள் திறந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த ஊற்று வற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது வருவது இரண்டாம் சுற்று. அன்று ஈபேயில் அள்ளிக் குவித்த மூத்த சேகரிப்பாளர்கள், வயதாகி வீட்டைச் சுருக்கும்போது வெளியே விடுபவை இவை. சுத்தமாக, அளவு சொல்லி, தேதி குறித்து வருகின்றன. ஒருவரே நாற்பது தொப்பியை ஒரே மாதத்தில் இறக்கினால், அவர் தலை அளவுக்காரர்களுக்கு அந்த மாதம் தீபாவளி. பதினைந்தாம் தொப்பிக்குள் கேட்பவர்களின் பணம் தீர்ந்துவிடும். விற்பவர் கொஞ்சம் பொறுமையாக, வாரத்துக்கு இரண்டாக விடலாம். இதை நான் சிலரிடம் சொல்லியும் பார்த்தேன். கேட்கவில்லை, வீடு காலி செய்ய வேண்டுமாம்.

ஆகவே, விலை விழுந்துவிட்டது என்கிற கட்சிக்கு: உங்களிடம் இருப்பதில் 7-க்குக் கீழே எத்தனை என்று முதலில் சொல்லுங்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஏலத்தில் போட்டு வாராவாரம் மனம் நோகாமல், நாடகக் குழுக்களுக்கு மொத்தமாகக் கொடுங்கள். அங்கே பதினாறு வயதுத் தலைகள் இருக்கின்றன. விலை ஏறிவிட்டது என்கிற கட்சிக்கு: ஸ்டெட்சன் என்ற ஒரே சொல்லைத் தேடுவதை நிறுத்துங்கள். டாப்ஸ், நாக்ஸ், மேலரி, கனடாவின் பில்ட்மோர் என்று எத்தனை பெயர் இருக்கின்றன. 'காவனா விளிம்பு' என்று, தையலே இல்லாமல் ஃபெல்ட்டையே மடித்து இறுக்கிய விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரு கட்சிக்கும் ஒரு வேண்டுகோள். 'பெஸ்ட் ஆஃபர்' பேசி வாங்கினால் கொடுத்த தொகையை நமக்குள் மறைக்காமல் சொல்லுங்கள், அளவையும் குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். டாப்ஸ், 7¼, கரும்பழுப்பு, இரண்டே முக்கால் அங்குல விளிம்பு. கேட்டது 140, முடிந்தது 85, தபால் தனியாக 18. பட்டையில் பின்பக்கம் ஒரு அங்குலக் கிழிசல். விளிம்பின் அடியில் இரண்டு இடத்தில் பூச்சி, ஓட்டை இல்லை. அடுத்தவர் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு ஏழேகால் தலைக்காரன்